அடுக்குக் களிமண் காதணி: கீழடி முதல் பாலிமர் வரை

அடுக்குக் களிமண் காதணி என்பது பல நிறக் களிமண் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்தி, நறுக்கி, நறுக்கிய முகத்தில் தோன்றும் கோலத்தையே அழகாகக் கொண்டு செய்யப்படும் காதணி ஆகும். இன்று இது பெரும்பாலும் பாலிமர் களிமண் என்னும் செயற்கைப் பொருளில் செய்யப்படுகிறது. இப்பொருள் பரவலாக விற்பனைக்கு வந்து ஏறத்தாழ 60 ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் அடுக்கி நறுக்கும் நுட்பமும், களிமண்ணில் காதணி செய்யும் வழக்கமும் பல நூற்றாண்டுகள் பழமையானவை.

இந்த வரலாற்றைப் படிக்கச் சிவகங்கை மாவட்டம் மிகவும் பொருத்தமான இடம். கீழடி அகழாய்வுக் களம், மானாமதுரை மண்பாண்டத் தொழில், காரைக்குடியை மையமாகக் கொண்ட செட்டிநாட்டு வீடுகள், ஆத்தங்குடித் தரைக்கற்கள் ஆகிய நான்கும் இந்த ஒரே மாவட்டத்தில் உள்ளன. மண்ணையும் சுண்ணாம்பையும் நிறத்தையும் அடுக்கடுக்காகக் கையாளும் அறிவு இங்கே வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பொருள்களில் வெளிப்பட்டுள்ளது.

காதணிப் பெயர்கள்

தமிழில் காதணியைக் குறிக்கும் சொற்கள் ஏராளம். தோடு, குழை, ஓலை, குண்டலம், கடுக்கன், கம்மல், தொங்கட்டான், ஜிமிக்கி, லோலாக்கு, பாம்படம், தண்டட்டி எனப் பட்டியல் நீளும். இவற்றில் சில சொற்கள், அணி எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதையே சொல்லிவிடுகின்றன. தோடு என்றால் பூவிதழ், பனையோலை என்ற பொருள்கள் உண்டு. ஓலை என்பதும் அப்படியே. பனையோலையைச் சுருட்டிக் காதுத் துளையில் செருகிய வழக்கத்திலிருந்து வந்த பெயர்கள் இவை. பின்னர் அந்த வடிவம் பொன்னிலும் வைரத்திலும் செய்யப்பட்டபோதும் பழைய பெயர் மாறவில்லை.

சிவபெருமானின் ஒரு காதில் தோடும் மறு காதில் குழையும் இருப்பது மாதொருபாகன் வடிவத்தின் அடையாளம். சிற்பிகள் இந்த வேறுபாட்டைக் கவனத்துடன் வடித்துள்ளனர். திருஞானசம்பந்தரின் முதல் தேவாரப் பதிகமும் தோட்டைச் சொல்லியே தொடங்குகிறது. காதணி வெறும் அலங்காரமாக மட்டுமின்றி, அணிந்தவர் யார் என்று சொல்லும் அடையாளமாகவும் இருந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

அடுக்கு என்ற சொல்லும் அன்றாட வழக்கில் உள்ளதே. இதழ்மேல் இதழாகப் பூப்பதை அடுக்குமல்லி என்றும் அடுக்குச் செம்பருத்தி என்றும் மக்கள் அழைக்கின்றனர்.

கீழடியும் சுடுமண் அணிகளும்

கீழடி, சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். இந்தியத் தொல்லியல் துறை இங்கு 2014-இல் அகழாய்வுப் பணியைத் தொடங்கியது. 2018-இல் நடந்த நான்காம் கட்டத்திலிருந்து தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பணியை ஏற்றது. நான்காம் கட்டத்தில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிமாதிரியின் காலம் கி.மு. 580 என அமெரிக்க ஆய்வகத்தில் கணிக்கப்பட்டது. 2019-இல் வெளியான அறிக்கை இச்செய்தியைத் தமிழகம் முழுவதும் கொண்டு சேர்த்தது.

இங்குப் பொன் அணித் துண்டுகளும், கண்ணாடி மணிகளும், அகேட், சூதுபவளம் போன்ற கல் மணிகளும், சங்கு வளையல்களும் கிடைத்தன. அவற்றுடன் சுடுமண்ணால் ஆன மணிகளும் காதணிகளும் விளையாட்டுக் காய்களும் கிடைத்தன. பொன்னும் சுடுமண்ணும் ஒரே குடியிருப்பில் வழங்கின என்பது இதனால் தெளிவாகிறது. கீழடியில் மட்டுமன்றி, தமிழகத்தின் பிற அகழாய்வுக் களங்களிலும் சுடுமண் காதணிகள் கிடைத்துள்ளன.

பழைய சுடுமண் காதணிகளில் ஒரு வகை, கிணற்றுக் கப்பியைச் சிறிதாக்கியது போன்ற தோற்றம் உடையது. இருபுறமும் வட்ட முகம் இருக்கும். சுற்று விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும். காதுமடல் அந்தப் பள்ளத்தில் பொருந்திக்கொள்ளும். இதற்குக் கொக்கி தேவையில்லை. ஆனால் காதுத் துளை பெரிதாக வளர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அந்தச் சிறிய மண்வட்டு, காது வளர்க்கும் பழக்கத்தின் பழமைக்கும் சான்றாகிறது.

வரலாற்று மாணவர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனையோலைத் தோடு மண்ணில் மக்கிவிடும். பொன் அணி உருக்கப்பட்டு அடுத்த தலைமுறையில் வேறு நகையாகிவிடும். சுட்ட மண் மக்குவதுமில்லை. அதை உருக்கி விற்கவும் முடியாது. உடைந்தால் வீசி எறிவார்கள். எறிந்த இடத்திலேயே அது 2,000 ஆண்டுகளுக்கு மேல் கிடக்கும். விலை குறைந்த அணியே வரலாற்றுக்கு நம்பகமான சாட்சியாக எஞ்சுகிறது.

நெருப்பு தந்த இரு நிறம்

கீழடியில் மிகுதியாகக் கிடைக்கும் பானை ஓடுகளில் கருப்பு-சிவப்பு வகை குறிப்பிடத்தக்கது. பானையின் உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும் இருக்கும். இது வண்ணம் தீட்டியதால் வந்ததன்று. பானையைக் கவிழ்த்துவைத்துச் சுடும்போது காற்றுப் படாத பகுதி கருக்கிறது. காற்றுப் படும் பகுதியில் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு சிவக்கிறது. சுடுவதற்கு முன் நுண்ணிய மண்ணைக் கரைத்து மேலே பூசித் தேய்த்து மெருகேற்றுவதும் உண்டு. உடல் ஒரு மண், மேற்பூச்சு வேறொரு மண் என்ற இந்த ஏற்பாடே அடுக்கு நுட்பத்தின் எளிய வடிவம்.

வைகைக் கரையில் இந்த மண் அறிவு இன்றும் தொடர்கிறது. கீழடிக்குக் கீழே ஆற்றின் போக்கில் உள்ள மானாமதுரை, கடம் என்னும் இசைக்கருவிக்கும் மண்பாண்டங்களுக்கும் பெயர் பெற்றது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டு ஊர்களில் புரவியெடுப்பு விழாவுக்காக வேளார் சமூகத்தினர் சுடுமண் குதிரைகளைச் செய்து ஐயனார் கோயில்களுக்கு அளிக்கின்றனர். ஆள் உயரக் குதிரையானாலும் விரல் நுனியளவு மணியானாலும் அடிப்படை விதி ஒன்றே: மண்ணைப் பிசைந்து காற்றை வெளியேற்ற வேண்டும், சீராக உலர்த்த வேண்டும், மெல்லச் சூடேற்ற வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சூளையில் வெடித்துவிடும்.

இழுத்து நறுக்கிய கண்ணாடி மணிகள்

இன்றைய பாலிமர் களிமண் நுட்பத்துக்கு மிக நெருங்கிய பழந்தமிழகத் தொழில், கண்ணாடி மணி செய்தல் ஆகும். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு இதற்குப் புகழ்பெற்ற இடம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். அரிக்கமேட்டில் செய்யப்பட்டவை போன்ற சிறு ஒற்றை நிறக் கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்கக் கடற்கரையிலும் கிடைத்துள்ளன. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்திய-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார்.

இம்மணிகளைத் தனித்தனியாக உருட்டிச் செய்வதில்லை. உருகிய கண்ணாடியைப் பெரிய கூம்பாகத் திரட்டி, நடுவே இரும்புக் குழாயால் துளை உண்டாக்கி, அதை நீண்ட மெல்லிய குழலாக இழுப்பார்கள். துளையும் கூடவே நீண்டு வரும். குளிர்ந்த குழலை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கினால் ஒரே திரட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மணிகள் கிடைக்கும். பின்பு சாம்பலுடன் சேர்த்துச் சூடாக்கி விளிம்புகளின் கூர்மையைப் போக்குவார்கள். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை அண்மைக் காலம் வரை வழக்கில் இருந்தது.

பெரிதாகச் செய்து, நீளமாக இழுத்து, நறுக்கிச் சிறிதாக்குவது என்பதே இதன் அடிப்படை. இதைப் புரிந்துகொள்ள வாழைத்தண்டு போதும். தண்டை எந்த இடத்தில் நறுக்கினாலும் அதே வட்டமும் அதே வளையங்களும் தெரியும். கோலம் மேற்பரப்பில் மட்டும் இல்லாமல் தண்டின் நீளம் முழுவதும் ஓடுகிறது.

அரக்கின்மேல் பொன்: தண்டட்டி

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளில் முதிய பெண்கள் அணிந்த தண்டட்டியும் பாம்படமும் வேறு வகை அடுக்குக்கு எடுத்துக்காட்டுகள். உருண்டை, கனசதுரம், முக்கோணம், சிறு குமிழ் முதலிய வடிவங்களை இணைத்து அமைக்கப்பட்ட இவ்வணிகள் பார்வைக்குக் கனத்த பொன்கட்டிகள் போலத் தோன்றும். உண்மையில் உள்ளே இருப்பது அரக்கு; அதன்மேல் மெல்லிய பொன் தகடு போர்த்தப்பட்டிருக்கும். திண்பொன்னில் செய்தால் காது தாங்காது. வாங்குபவரின் கையும் தாங்காது. மெல்லிய தகடு மட்டும் இருந்தால் நசுங்கிவிடும். அரக்கு உள்ளிருந்து தகட்டைத் தாங்குகிறது. குறைந்த பொன்னில் பெரிய அணி செய்யும் பொற்கொல்லரின் கணக்கு இது.

இதை அணியக் காதை வளர்க்க வேண்டும். காதுகுத்தியபின் துளையில் பஞ்சு, ஓலைச் சுருள் ஆகியவற்றைப் படிப்படியாகப் பெரிதாக்கிச் செருகி, பிறகு குணுக்கு என்னும் ஈய வளையத்தைத் தொங்கவிட்டு மடலை நீளச் செய்தனர். 20-ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் குறைந்தது. வளர்த்த காதை வெட்டித் தைத்துச் சிறு கம்மல் அணிந்துகொண்ட பெண்களும் பலர். இன்று தண்டட்டி அணிந்த பாட்டிமார்களைக் காண்பது அரிது. 2023-இல் அந்த அணியின் பெயரிலேயே ஒரு தமிழ்த் திரைப்படம் வந்தது.

பாட்டி மறைந்தபின் தண்டட்டி பெரும்பாலும் பங்கு பிரிக்கப்பட்டு உருக்கப்படும். அரக்கு எரிந்துபோகும், பொன் மட்டும் எஞ்சும், வடிவம் அழியும். கீழடிச் சுடுமண் காதணி அடைந்த நீண்ட ஆயுள் இந்தப் பொன் அணிக்கு வாய்க்கவில்லை.

செட்டிநாட்டுச் சுவரும் ஆத்தங்குடித் தரையும்

மேலே கண்டவற்றிலிருந்து அடுக்கு நுட்பம் இரு வகைப்படும் என்பது விளங்கும். ஒன்று, உள்ளே ஒரு பொருளும் மேலே வேறொரு பொருளுமாகப் போர்த்துவது. மற்றொன்று, நிறங்களை உடலுக்குள்ளேயே ஓடவிடுவது. முதலாவதைப் போர்வை அடுக்கு என்றும் இரண்டாவதை உள்ளோடும் அடுக்கு என்றும் அழைக்கலாம். செட்டிநாட்டு வீடுகளில் இந்த இரு வகைகளையும் அருகருகே காணலாம்.

நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் நடத்திய வணிகத்தின் செல்வத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவ்வீடுகள் எழுந்தன. சுவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்தைப் பல பூச்சுகளாகப் பூசினர். அடிப்பூச்சு முரடாக இருக்கும். மேலே போகப்போகச் சாந்து நைசாகும். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். பளிங்கு போன்ற அந்த வழவழப்பு இன்றும் பல வீடுகளில் மங்காமல் இருக்கிறது. இது போர்வை அடுக்கு.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் தரைக்கற்கள் மற்றொரு வகையை நெருங்குகின்றன. கண்ணாடிப் பலகையின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் அறை அறையாகப் பிரிக்கப்பட்ட உலோக அச்சை இறக்குவர். நிறமி கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வோர் அறையிலும் ஊற்றுவர். அச்சை மெதுவாக எடுத்ததும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவப்படும். அது அடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கும் மேலே ஈரச் சாந்தை நிரப்பிச் சமப்படுத்துவர். பிறகு கற்களைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியைப் பட்டுவந்த முகம் வழவழப்பாக வெளிவரும். சூளைக்கு வேலை இல்லை.

நிற அடுக்குக்குச் சில மில்லிமீட்டர் தடிமன் இருப்பதால், பல்லாண்டுகள் மிதிபட்டாலும் கோலம் அழிவதில்லை. நடக்க நடக்கத் தரை மேலும் மெருகேறும் என்று செட்டிநாட்டில் சொல்வதுண்டு. மேலே அச்சிட்ட கல்லில் நிறப்படலம் தேய்ந்தால் கோலமும் போய்விடும். அடுக்குக் காதணியின் சிறப்பும் இதேதான்: தேய்த்தாலும் அடியில் அதே கோலம் இருக்கும்.

வெளிநாட்டு வேர்கள்

பாலிமர் களிமண்ணில் இன்று கையாளப்படும் அடுக்கு முறைகள் மூன்று பழைய தொழில்களிலிருந்து வந்தவை.

முதலாவது கண்ணாடித் தொழில். பல நிறக் கண்ணாடிக் கோல்களைக் கட்டாகச் சேர்த்துச் சூடாக்கி இழுத்து, நறுக்கிய துண்டுகளால் கிண்ணமும் மணியும் செய்யும் முறை ரோமானியர் காலத்திலேயே இருந்தது. பின்னர் வெனிசு நகரத்துக் கண்ணாடித் தொழிலாளர்கள் இதற்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். 19-ஆம் நூற்றாண்டில் இதற்கு மில்லெஃபியோரி என்ற பெயர் வழங்கியது. இத்தாலிய மொழியில் அதன் பொருள் ஆயிரம் பூக்கள்.

இரண்டாவது உலோகத் தொழில். ஜப்பானின் அகிதாப் பகுதியைச் சேர்ந்த ஷோவாமி தென்பெய் (1651–1728) வாள் உறைகளுக்கும் கைப்பிடிகளுக்கும் அழகூட்ட மொகுமே-கானே என்ற முறையை உருவாக்கினார். பொன், வெள்ளி, செம்பு, உலோகக் கலவை ஆகியவற்றின் தகடுகளை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கி, மேற்பரப்பைச் செதுக்கிப் பின் தட்டையாக்குவர். அப்போது அடியிலுள்ள அடுக்குகள் மரத்தின் இழையோட்டம் போல வெளிப்படும். மரவரி உலோகம் என்பதே அப்பெயரின் பொருள்.

மூன்றாவது மட்பாண்டத் தொழில். நிறமூட்டிய களிமண்களை அடுக்கி நறுக்கிப் பாத்திரம் செய்யும் நெரிகோமி முறை ஜப்பானில் உண்டு. சீனத்தில் தாங் அரச மரபின் காலத்திலேயே (618–907) இரு நிற மண்ணைக் கலந்து பளிங்கு வரிகள் கொண்ட பாத்திரங்கள் செய்யப்பட்டன.

மூன்றிலும் பெரிய இடர் ஒன்று உண்டு. வெவ்வேறு பொருள்கள் சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும், சுருங்கும். இரு களிமண்களின் சுருக்கம் ஒத்துவராவிட்டால் அடுக்குகள் பிரிந்து விரிசல் விடும். இதனால் இக்கலைகள் நீண்ட பயிற்சி பெற்ற சிலரிடமே தங்கின.

பொம்மைத் தொழில் தந்த பொருள்

அந்த இடரைப் பெருமளவு நீக்கியது பாலிமர் களிமண். பெயரில் களிமண் இருந்தாலும் இதில் மண் முக்கியப் பொருள் அன்று. பாலிவினைல் குளோரைடு என்னும் பி.வி.சி. பிசின் தூள், நெகிழ்வூட்டி, நிறமி, நிரப்பி ஆகியவை சேர்ந்தது இது. தண்ணீர்க் குழாயாகவும் மின்கம்பி உறையாகவும் நாம் காணும் அதே பி.வி.சி. குடும்பம்தான்.

ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைத் தயாரிப்பாளர் கேத்தே குரூசே (1883–1968). அவருடைய மகள் சோஃபி வீட்டில் ஃபிஃபி என்று அழைக்கப்பட்டவர். பொம்மைத் தலை செய்வதற்காகத் தேடப்பட்ட பிளாஸ்டிக் கலவை ஒன்றை அவர் கைவினைக்கு ஏற்ற பொருளாக வளர்த்தார். 1960-களில் அதன் உரிமை எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனத்துக்குச் சென்றது; ஃபிமோ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்கல்பி என்ற பெயரில் இன்னொரு பாலிமர் களிமண் வந்தது. மின்மாற்றிகளின் வெப்பத்தைக் கடத்துவதற்கு உருவாக்கப்பட்டு, அப்பயன்பாட்டுக்கு உதவாமல், பின்னர் கைவினைப் பொருளாக மாறியது என்று அதன் கதை கூறப்படுகிறது.

தொடக்கத்தில் இது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. 1980-களில் அமெரிக்கக் கைவினைஞர்கள் இதில் நகைகள் செய்யத் தொடங்கினர். கண்ணாடித் தொழிலின் ஆயிரம் பூக்களையும் உலோகத் தொழிலின் மரவரியையும் இப்பொருளுக்குக் கொண்டுவந்தனர். 1991-இல் நான் ரோச் எழுதிய 'தி நியூ க்ளே' என்ற நூல் இந்நுட்பங்களைத் தொகுத்துப் பரப்பியது. உலையும் சூளையும் கேட்ட கலைகள் வீட்டு மின்அடுப்புக்கு வந்து சேர்ந்தன.

செய்முறை

பாலிமர் களிமண் காதணி செய்யும் முறையைப் பின்வருமாறு சுருக்கலாம்.

பிசைதல்: ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கைச்சூட்டில் நன்கு பிசைய வேண்டும். மடித்தால் விரிசல் விடாத பதம் வரவேண்டும். ஒரு நிறத்திலிருந்து மறு நிறத்துக்குப் போகும்போது கையைத் துடைத்துக்கொள்ளாவிட்டால் வெள்ளை அழுக்காகிவிடும்.

தகடாக்குதல்: உருளையால் சம தடிமனுள்ள தகடுகளாகத் தேய்க்க வேண்டும்.

அடுக்குதல்: அடர் நிறமும் வெளிர் நிறமும் மாறி மாறி வருமாறு அடுக்க வேண்டும். இடையில் காற்று சிக்கினால் சூட்டில் கொப்புளம் வரும். ஆகவே ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போக வேண்டும்.

கோலம் உண்டாக்குதல்: மரவரி வேண்டுமானால், அடுக்கின்மேல் குச்சி, பொத்தான், பேனா மூடி போன்றவற்றால் ஆழமாக அழுத்த வேண்டும். அடியிலுள்ள அடுக்குகள் வளைந்து மேடு பள்ளமாகும். கூரிய பிளேடால் மேற்பரப்பை மெல்லிய சீவல்களாகச் சீவினால் வளையங்களும் அலைகளும் தெரியும். பூக்கோலம் வேண்டுமானால், இதழ்களாகவும் நடுப்பொட்டாகவும் கோல்களை அடுக்கிக் கட்டையாக்கி, எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி நீட்டி நறுக்க வேண்டும். வாழைத்தண்டு போல ஒவ்வொரு துண்டிலும் அதே பூ இருக்கும்.

வெட்டுதல்: சீவல்களை ஒற்றை நிறத் தகட்டின்மேல் பதித்து உருட்டிச் சமப்படுத்தி, வேண்டிய வடிவில் இரண்டிரண்டாக வெட்டி, கொக்கிக்குத் துளையிட வேண்டும்.

சூடாக்குதல்: பீங்கான் கல்லின்மேல் வைத்து, உறையில் குறிப்பிட்ட சூட்டில், பொதுவாக 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் வரை, ஏறத்தாழ அரை மணி நேரம் வைக்க வேண்டும். இச்சூட்டில் பிசின் துகள்கள் நெகிழ்வூட்டியை உறிஞ்சி ஒன்றோடொன்று இணைகின்றன. நீர் வெளியேறும் வேலை இல்லாததால் சுருக்கம் மிகக் குறைவு. அதனால்தான் அடுக்குகள் பிரிவதில்லை.

மெருகேற்றுதல்: ஆறியபின் நீரில் நனைத்த உப்புத்தாளால், முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாள் வரை தேய்க்க வேண்டும். பிறகு கொக்கி மாட்டலாம்.

பாதுகாப்பு மிக முக்கியம். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் பி.வி.சி. கருகி, மூச்சுக்குக் கேடான ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியாகும். எனவே கரியடுப்பிலோ நேரடித் தீயிலோ இதைச் சுடக் கூடாது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். இதற்குப் பயன்படுத்திய தட்டு, கத்தி, உருளை ஆகியவற்றைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. பழைய கலவைகளில் தாலேட் வகை நெகிழ்வூட்டிகள் இருந்தன. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளின் பொம்மைகளில் சில தாலேட்டுகளைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் கலவைகள் மாறின. வாங்கும்போது உறையிலுள்ள குறிப்பைப் படிப்பது நல்லது.

சுடுமண்ணும் பாலிமரும்

இன்று தமிழகத்தில் சுடுமண் நகை, பாலிமர் களிமண் நகை என இரண்டும் பெண்களின் வீட்டுத் தொழிலாக நடக்கின்றன. சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் இரண்டும் ஒரே மேசையில் இருப்பதால் குழப்பம் ஏற்படுகிறது. பாலிமர் அணியை மண் நகை என்றோ இயற்கைப் பொருள் என்றோ சொல்வது சரியன்று.

இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. சுடுமண் கனமானது, தட்டினால் கணீரென ஒலிக்கும், வண்ணம் பூசாத பின்புறத்தில் ஒரு சொட்டு நீர் விட்டால் உறிஞ்சிக்கொள்ளும், கீழே விழுந்தால் உடையும். பாலிமர் எடை குறைந்தது, நீரை உறிஞ்சாது, மெல்லிய துண்டு சற்று வளையும். சுடுமண்ணுக்குச் சூளையும் மிகுந்த வெப்பமும் வேண்டும். மண்ணோ கண்மாயில் கிடைக்கும். பாலிமருக்குக் குறைந்த வெப்பம் போதும். பொருளைக் கடையில் விலைகொடுத்து வாங்க வேண்டும். எடையில்லாத பெரிய காதணி வேண்டுவோருக்குப் பாலிமர் உதவும். தண்டட்டிக்காகப் பொற்கொல்லர் அரக்கைக் கொண்டு தீர்த்த அதே சிக்கலை இது வேறு வழியில் தீர்க்கிறது.

இரண்டுமே எளிதில் மக்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுடுமண் மண்ணோடு மண்ணாகக் கிடந்தாலும் தீங்கு செய்வதில்லை, பி.வி.சி. பிளாஸ்டிக் கழிவு. ஆகவே பாலிமரில் செய்வோர் வீணாகும் துண்டுகளைச் சேர்த்து அடித்தகடாகவும் மணிகளின் உட்கருவாகவும் பயன்படுத்துவது நல்ல வழக்கம். அடுக்கு நுட்பத்தைச் சுடுமண்ணிலேயே செய்ய விரும்புவோர், ஒரே களிமண்ணில் வெவ்வேறு அளவு காவி, நிறமி ஆக்சைடு ஆகியவற்றைக் கலந்து முயலலாம். அடிப்படை மண் ஒன்றேயானால் சுருக்கமும் ஒத்துப்போகும்.

செய்தவர் பெயர்

கீழடி அகழாய்வில் 50-க்கு மேற்பட்ட தமிழி எழுத்துப் பானை ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. பானைக்கு உரியவர் பெயர் இவ்வாறு நமக்குக் கிடைத்தது. அதே மண்ணில் காதணி செய்தவர் பெயர் எழுதப்படவில்லை. தண்டட்டி செய்த பொற்கொல்லர், ஆத்தங்குடிக் கல்லில் முதன்முதலில் நிறம் ஊற்றியவர் ஆகியோர் பெயர்களும் பொருளில் இல்லை. பிற நாடுகளில் ஷோவாமி தென்பெய், கேத்தே குரூசே என்று பெயர் சொல்லி வரலாறு எழுத முடிகிறது. இங்கே பொருளைக் காட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கீழடிப் பொருள்களுக்கான அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. அதன் கட்டடம் செட்டிநாட்டுப் பாணியில் அமைந்துள்ளது. அங்கே செல்லும் மாணவர்கள் பொன் அணிகளோடு சுடுமண் அணிகளையும் நின்று பார்க்க வேண்டும். இன்று வீட்டில் காதணி செய்யும் பெண்களுக்கும் ஓர் எளிய வழி இருக்கிறது. சூடாக்குவதற்கு முன் காதணியின் பின்புறத்தில் ஊசிமுனையால் தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவைக்கலாம். நெகிழ்ந்திருக்கும் களிமண்ணில் இதற்கு ஒரு நிமிடம் போதும். எழுத்து, காதணி இருக்கும்வரை இருக்கும்.